முதலில் சொன்ன தொகை, முதலில் சொன்ன தேதி: ராணுவத் திட்டங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உள்நாட்டுப் போர் விமானமான தேஜஸ் பற்றியவை. அவற்றில் ஒன்றை எடுத்து விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (சேலம்): 2025 ஜூலையில் பாதுகாப்புக் கொள்முதல் கவுன்சில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஆயுதம் வாங்க ஒப்புதல் தந்ததாகச் செய்தி வந்தது. பணம் கொடுத்தாகிவிட்டதா? எப்போது வந்து சேரும்?

பதில்: அந்த ஒப்புதலால் ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. அது ஏஓஎன் மட்டுமே. இந்தப் பொருள் தேவைதான் என்று ஒத்துக்கொள்வதற்குப் பெயர் ஏஓஎன். அதற்குப் பிறகு டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, களச் சோதனை, விலைப் பேச்சு எல்லாம் இருக்கின்றன. தொகை 3,000 கோடியைத் தாண்டினால் அமைச்சரவையின் பாதுகாப்புக் குழுவுக்கும் போகவேண்டும். ஏஓஎன் கிடைத்துப் பல வருஷம் கழித்து அப்படியே கைவிடப்பட்டவையும் உண்டு. செய்தியில் தொகையைப் பார்த்தால், இது ஏஓஎன்னா, ஒப்பந்தமா, பட்டுவாடாவா என்று முதலில் பாருங்கள். இதை எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி திரும்ப வருகிறது.

கேள்வி (கோவை): ஐயா, சூலூர் பக்கம் குடியிருக்கிறேன். தேஜஸ் பறப்பதைப் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு விமானத்துக்கு 40 வருஷமா? இதற்கு யாரும் பொறுப்பேற்க வேண்டாமா?

பதில்: பொறுப்பேற்க வேண்டும்தான். ஆனால் யார், எதற்கு என்று சொல்ல ஒரு அளவுகோல் வேண்டுமே, அதைத்தான் நாம் வைத்துக்கொள்வதில்லை.

தேஜஸின் கதையை எடுத்துக்கொள்வோம். 1983-இல் 560 கோடி ரூபாயில் அனுமதி. தொண்ணூறுகளின் நடுவில் படையில் சேரும் என்பது அன்றைய கணக்கு. முதல் விமானம் பறந்தது 2001 ஜனவரியில். முதல் படைப்பிரிவு அமைந்தது 2016-இல். 2018-இல் அது உங்கள் சூலூர் விமானப்படைத் தளத்துக்கு வந்தது, 2020-இல் இரண்டாவது படைப்பிரிவும் அங்கேயே அமைந்தது. இடையில் நடந்தவற்றில் சில நம் கையில் இல்லாதவை. 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடை வந்து, பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் கிடைத்துவந்த உதவி நின்றுபோனது. சில நம் கையில் இருந்தவை. உள்நாட்டில் உருவாக்கிய காவேரி எஞ்சின் இந்த விமானத்துக்கு உதவாது என்பதை ஒத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க 2008 வரை ஆயிற்று. 2015-இல் சிஏஜி (அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கை, முதல் ரகமான மார்க்-1 விமானப்படை கேட்ட தரத்துக்கு 53 இடங்களில் குறைவு என்றது.

சரி, அது பழைய கதை என்று வைத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் மேம்படுத்திய ரகமான மார்க்-1ஏ விமானங்கள் 83-க்குச் சுமார் 48,000 கோடிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2024 மார்ச்சுக்குள் முதல் விமானம் என்றார்கள். அந்தத் தேதிக்கு விமானமும் வரவில்லை, எஞ்சினும் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து முதல் எஞ்சின் வந்ததே 2025-இல்தான். அந்த ஆண்டு மே மாதம் விமானப்படைத் தளபதி, சொன்ன நேரத்தில் முடிந்த ஒரு திட்டம்கூடத் தன் நினைவுக்கு வரவில்லை என்று பொது மேடையிலேயே பேசினார். செப்டம்பரில் மிக்-21 ஓய்வுபெற்றபோது, 42 படைப்பிரிவு இருக்கவேண்டிய இடத்தில் 29 ஆயிற்று. அதே மாதம் இன்னும் 97 விமானங்களுக்குச் சுமார் 62,000 கோடியில் அடுத்த ஒப்பந்தம்.

தாமதத்தைவிட எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். ஒவ்வொரு முறையும் ‘திருத்திய அனுமதி’ என்று ஒரு புதுத் தொகையும் புதுத் தேதியும் வரும். வந்த மறுநாளிலிருந்து பழையதை யாரும் பேசுவதில்லை. வீடு கட்டித் தரும் மேஸ்திரி, முதலில் கொடுத்த எஸ்டிமேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நேற்று எழுதிய எஸ்டிமேட்டைக் காட்டி ‘செலவு கூடவே இல்லையே’ என்றால் ஒத்துக்கொள்வோமா? விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு முதலில் அனுமதித்தது சுமார் 3,260 கோடி, 2014-இல் அது 19,300 கோடியானது. அர்ஜுன் டாங்க் 1974-இல் 15 கோடியில் தொடங்கிய திட்டம், உருவாக்கும் செலவு மட்டும் பின்னர் 300 கோடியைத் தாண்டியது. இதில் விலைவாசி ஏற்றம் உண்டு, திட்டமே பெரிதானதும் உண்டு. எனவே எல்லாவற்றையும் ஊழல் என்று எழுதிவிடாதீர்கள். ஆனால் எவ்வளவு விலைவாசி, எவ்வளவு மாற்றிக் கேட்டது, எவ்வளவு கணக்கே தப்பு என்று பிரித்து நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் சொல்லவேண்டும் அல்லவா? அந்தக் கட்டாயம்தான் இல்லை. சிஏஜி வந்து சொல்கிறார், ஆனால் எல்லாம் நடந்து முடிந்தபிறகு. அதுவும் அவர் தேர்ந்தெடுத்த திட்டத்தில் மட்டும்.

அமெரிக்காவில் 1982-இலிருந்து நன்-மெக்கர்டி என்ற சட்டம் இருக்கிறது. ஒரு ஆயுதத்தின் அலகு விலை நடப்பு மதிப்பீட்டைவிட 15 சதவீதம் கூடினால் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்கவேண்டும். 25 சதவீதம் கூடினால் திட்டம் ரத்து என்பதே நிலை. தொடரவேண்டுமானால் பாதுகாப்பு அமைச்சர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அங்கேயும் மதிப்பீட்டை மாற்றி எழுதித் தப்பித்தார்கள். அதனால் 2006-இல் இன்னொரு கோடு சேர்த்தார்கள்: முதன்முதல் மதிப்பீட்டைவிட 30 சதவீதம் கூடினால் தெரிவிக்கவேண்டும், 50 சதவீதம் கூடினால் ரத்து நிலை. 2024-இல் சென்டினல் ஏவுகணைத் திட்டம் இந்தச் சட்டத்தில் மாட்டியது. செலவு 81 சதவீதம் கூடி 14,000 கோடி டாலரைத் தொட்டது. திட்டம் நிற்கவில்லை, தொடர அனுமதித்தார்கள். ஆனால் எதனால் கூடியது என்று பகிரங்கமாக விளக்கவேண்டி வந்தது. ஏவுகணையைவிட, அதை நிறுத்திவைக்கும் நிலத்தடிக் கட்டுமானமே செலவைத் தூக்கியது என்பது அப்படித்தான் வெளியே வந்தது.

இந்தச் சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் செலவு கூடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கேட்பது ஒரே ஒரு பக்கம். பெரிய திட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் முதல் அனுமதித் தொகை, முதல் தேதி, இன்றைய தொகை, இன்றைய தேதி என்று நான்கு கட்டம். மானியக் கோரிக்கையோடு (அமைச்சகம் ஆண்டுச் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்பது) சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை சபையில் வைக்கட்டும். இதில் எதிரிக்குப் பயன்படும் ரகசியம் எதுவும் இல்லை.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): ராணுவத்தில் 2 லட்சம் கோடி ஊழல் என்று சிஏஜி கண்டுபிடித்திருக்கிறதாம். வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

பதில்: எந்த அறிக்கை, எந்த ஆண்டு, எந்த எண்? இவை இல்லாமல் எனக்கு எழுதாதீர்கள். சிஏஜி அறிக்கை ஒவ்வொன்றுக்கும் எண்ணும் ஆண்டும் உண்டு. அது தணிக்கை செய்யும் அமைப்பு, குற்றம் விசாரிக்கும் அமைப்பு இல்லை. ‘தவிர்த்திருக்கக்கூடிய செலவு’ என்று அது எழுதுவது, யாரோ திருடிவிட்டார்கள் என்று அர்த்தமாகாது. தொகையைக் கேட்டால் எந்த ஆண்டுக்கானது, எதெல்லாம் அடக்கம் என்று கேளுங்கள்.

கேள்வி (ஆவடி): ஆயுதத் தொழிற்சாலைகள் கம்பெனியானபிறகு அவற்றின் கணக்கை யார் பார்க்கிறார்கள்? தணிக்கையிலிருந்து தப்பிக்கத்தான் கம்பெனியாக்கினார்கள் என்று எங்கள் பகுதியில் பேச்சு.

பதில்: பேச்சு தவறு. 2021 அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகளும் 7 கம்பெனிகளாயின. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஏவிஎன்எல் கம்பெனியில் இருக்கிறது, அதன் தலைமையகமும் ஆவடிதான். இவை அரசுக் கம்பெனிகள் என்பதால் தணிக்கையாளரை நியமிப்பதே சிஏஜிதான். கம்பெனிச் சட்டப்படி துணைத் தணிக்கையும் அவர் செய்யலாம். முன்பு துறைக்குள் கரைந்துபோன செலவு இப்போது லாப நஷ்டக் கணக்காகத் தெரிகிறது, அது நல்லதே. ஒரு கவலை மட்டும் எனக்கு உண்டு. வாங்குவதும் ராணுவ அமைச்சகம், கம்பெனிக்குச் சொந்தக்காரரும் அதே அமைச்சகம். தாமதமானால் யார் யாரிடம் கண்டிப்பாக இருப்பார்கள்? 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்குகளுக்கு 7,500 கோடிக்கு ஆர்டர் உங்கள் ஊருக்குத்தான் வந்தது. அதில் சொன்ன தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): டிஆர்டிஓவுக்கு ஆர்டிஐ போட்டேன், மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: ஊழல், மனித உரிமை மீறல் தவிர மற்றவற்றுக்குச் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு விலக்கு தருகிறது. மேல்முறையீட்டில் காலம்தான் போகும். ராணுவ அமைச்சகத்துக்கும், தேஜஸைத் தயாரிக்கும் எச்ஏஎல்லுக்கும் அந்த மொத்த விலக்கு இல்லை. ஒப்பந்தத் தேதி, வழங்கல் தேதி போன்றவற்றை அங்கே கேளுங்கள். கேள்வியை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): உள்நாட்டில் செய்தால் இழுக்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் வெளிநாட்டில் வாங்கிவிட்டால் என்ன?

பதில்: விக்ரமாதித்யா தெரியுமா? ரஷ்யாவிடமிருந்து பழைய கப்பலைப் புதுப்பித்து வாங்க 2004-இல் 97 கோடி டாலர், 2008-இல் வரும் என்று ஒப்பந்தம். வந்தது 2013 நவம்பரில், கொடுத்தது சுமார் 235 கோடி டாலர். கப்பலுக்குள் எவ்வளவு கேபிள் மாற்றவேண்டும் என்பதையே சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதன் பலன். வெளிநாடு என்பதால் மேலாண்மை தானாக வந்துவிடாது.

கேள்வி (சென்னை): லஞ்சம் கொடுத்த நிறுவனத்தை நிரந்தரமாகக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட வேண்டியதுதானே?

பதில்: கோபம் நியாயம். விளைவையும் பாருங்கள். லஞ்சப் புகார் எழுந்த விவிஐபி ஹெலிகாப்டர் விவகாரத்தில் 12 ஹெலிகாப்டர் ஒப்பந்தம் 2014 ஜனவரியில் ரத்தானது. அந்த ஹெலிகாப்டரை விற்ற குழுமத்தின் துணை நிறுவனம்தான் ஸ்கார்பீன் ரக நீர்மூழ்கிகளுக்கு டார்பிடோ (நீருக்கடியில் பாயும் ஆயுதம்) தருவதாக இருந்தது, அதுவும் போயிற்று. 2017-இல் அந்த நீர்மூழ்கிகளில் முதலாவதான கல்வரி கடற்படையில் சேர்ந்தபோது அதற்கான நவீன டார்பிடோ இல்லை. வேறொரு டார்பிடோவைப் பொருத்த ஒப்பந்தம் போட்டது 2024 டிசம்பரில். தண்டனை நிறுவனத்துக்கா, நம் மாலுமிகளுக்கா? கடும் அபராதம், சம்பந்தப்பட்ட ஆட்கள்மேல் வழக்கு, மாற்று விற்பனையாளர் தயாராகும்வரை கண்காணிப்போடு வழங்கல் என்ற வழி இதைவிட மேல்.

கேள்வி (மதுரை): ரகசியம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடுகிறதே. எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது?

பதில்: ஏவுகணையின் தூரம், ரேடாரின் அலைவரிசை, எந்தக் கிடங்கில் எவ்வளவு குண்டு, இவை ரகசியம். 2017 சிஏஜி அறிக்கை, 40 சதவீத வெடிபொருள் வகைகள் பத்து நாள் போருக்குக்கூடப் போதாது என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த எண்ணை வெளியிடலாமா என்று கேட்டவர்களின் கவலையை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அது வெளியே வந்ததால்தான் நாட்டில் அந்தப் பேச்சே எழுந்தது. மறுபக்கம், 2019-இல் ரஃபேல் போர் விமானங்கள் பற்றிய சிஏஜி அறிக்கையில் விலையையே மறைத்து, சதவீதம் மட்டும் அச்சிட்டார்கள். அமைச்சகம் வற்புறுத்தியதால் அப்படிச் செய்தார்கள். இதை நான் ஏற்கவில்லை. சபைக்கு வரும் தணிக்கை அறிக்கையில் விலையே இல்லையென்றால் உறுப்பினர்கள் எதை வைத்து விவாதிப்பார்கள்? தொகையும் தேதியும் வரிகட்டுபவருக்கு உரியவை.

கேள்வி (திருச்சி): ஆஃப்செட்டால் நம் ஊர்த் தொழிலுக்கு எவ்வளவு கிடைத்தது?

பதில்: சொன்னதைவிடக் குறைவு. ஆஃப்செட் என்பது, ஆயுதம் விற்கும் வெளிநாட்டு நிறுவனம் ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்கை நம் நாட்டுத் தொழிலில் செலவிடும் கடமை. 2018 வரை 46 ஆஃப்செட் ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 66,000 கோடி. அதுவரை முடித்திருக்கவேண்டியது 19,000 கோடி, நிறுவனங்கள் முடித்ததாகச் சொன்னது 11,000 கோடி. அமைச்சகம் ஏற்றது அதிலும் பாதிக்குக் குறைவு. சிஏஜி கணக்கு இது. இங்கேயும் தொகையின் பெயரைப் பாருங்கள்: வாக்குறுதியா, செய்ததா, ஏற்றதா?

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): எங்கள் எம்.பி. இந்த விஷயத்தில் என்னதான் செய்யமுடியும்? நான் எதைப் படித்தால் புரியும்?

பதில்: பொதுக் கணக்குக் குழுவில் 22 பேர், 1967-இலிருந்து தலைவர் எதிர்க்கட்சிக்காரர். அது நடந்து முடிந்த செலவைப் பார்க்கும். பாதுகாப்பு நிலைக்குழுவில் 31 பேர், அது வரப்போகும் செலவைப் பார்க்கும். இந்த நிலைக்குழு முறை வந்தது 1993-இல். சபையில் ராணுவ மானியக் கோரிக்கை பல வருஷம் விவாதமே இல்லாமல் கில்லட்டினில் (நேரம் முடிந்ததும் மீதிக் கோரிக்கைகளை மொத்தமாக வாக்குக்கு விடுவது) நிறைவேறிவிடுகிறது. ஆகவே வேலை நடப்பது குழுவில்தான். உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார், எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்று பாருங்கள், வருகைப் பதிவு அறிக்கையின் பின்னாலேயே இருக்கும். படிப்பதற்கு, நிலைக்குழுவின் ‘எடுத்த நடவடிக்கை’ அறிக்கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னுரையில் நேரம் கழிக்காமல் நான்காம் அத்தியாயத்துக்குப் போங்கள். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்க மறுத்தவை அங்கேதான் இருக்கின்றன.