கையெழுத்துப் போட்டவர்கள்

கேள்வி: எண்பதுகளில் வங்கிக்குள் கணினி வரக்கூடாது என்று கொடி பிடித்தார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு என்றதும் அதே கூக்குரல். தொழிற்சங்கங்களின் பேச்சைக் கேட்டிருந்தால் இன்னமும் பேரேட்டில்தானே எழுதிக்கொண்டிருப்போம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கொடி பிடித்தது உண்மை. பிறகு கையெழுத்தும் போட்டார்களே, அது உங்களுக்கு ஏன் நினைவில்லை? வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது 1983 செப்டம்பரில். எந்த இயந்திரம், எந்த அளவுக்கு என்று வரம்பு கட்டினார்கள்; இயக்குபவருக்குத் தனிப்படி வாங்கினார்கள். கணினிமயம் பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கையே அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. 1993இல் இன்னோர் ஒப்பந்தம் கதவை மேலும் அகலமாகத் திறந்தது.

அதற்குப் பிறகும் வேலை நகரவில்லை. 2001 ஜனவரிக்குள் 70 சதவீத வணிகத்தைக் கணினிக்கு மாற்றுங்கள் என்று அரசு வங்கிகளுக்கு 1998இல் கெடு வைத்தவர் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த விட்டல். ஊழலைக் கண்காணிக்க வந்தவர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது என்றால், தூங்கியது சங்கம் மட்டும்தானா?

சங்கங்கள் மீது எனக்கும் குறை உண்டு. அது வேறு குறை. தனிப்படிக்காக ரூபாய் ரூபாயாகப் பேரம் பேசியவர்கள், பயிற்சிக்காக அந்த அளவுக்கு மல்லுக்கட்டவில்லை. 2000-01இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வங்கி ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். யாரையும் துரத்தவில்லை என்று கணக்குக் காட்டலாம். ஆனால் ஐம்பதை நெருங்கியவருக்கு, 'உனக்கு இது வராது' என்று சொல்லாமல் சொல்லும் இடத்தில் விருப்பம் எங்கிருந்து வரும்? மிஞ்சியவர்களில் பலர், வாடிக்கையாளர் எதிரில் நின்று முறைக்க முறைக்கக் கவுன்ட்டரிலேயே கற்றுக்கொண்டார்கள். அதிகாரிகளுக்கு மட்டும் பயிற்சி மையம், விடுதி, மாலையில் பஜ்ஜி.

சட்டமும் இதே லட்சணம்தான். ஆட்குறைப்புக்கு வழிவகுக்கும் தொழில்நுட்ப மாற்றம் என்றால் 21 நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்றது 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம். 2020இல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த 21 நாள் இருக்கிறது. அறிவித்தால் போதும், கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை. மறுபயிற்சிக்கென்று ஒரு நிதியைப் புதிய தொகுப்பு ஏற்படுத்தியிருக்கிறது: ஆட்குறைப்பு செய்யப்பட்டவருக்கு 15 நாள் ஊதியம். வீட்டுக்கு அனுப்பிய பிறகு!

அந்த 15 நாளை வேலையில் இருக்கும்போதே பயிற்சிக்குக் கொடு என்று ஒரு சங்கம் கேட்டால், அதையும் கூக்குரல் என்பீர்களா?