ரெகேவுக்குப் பெயர் தந்த குரல்: டூட்ஸ் ஹிபர்ட் பற்றி உங்கள் கேள்விகள்

ஜமைக்காவின் ரெகே இசைப் பாடகர் டூட்ஸ் ஹிபர்ட்டைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றேன். இத்தனை பேர் கேட்டது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: ரெகே என்றால் எனக்கு பாப் மார்லியை மட்டும்தான் தெரியும். இவர் யார்?

பதில்: முழுப்பெயர் ஃப்ரெடரிக் ஹிபர்ட். டூட்ஸ் என்பது அண்ணன் வைத்த செல்லப்பெயர். ஜமைக்காவில் கிளாரெண்டன் பகுதியில் உள்ள மே பென் என்ற ஊரில் 1942 டிசம்பர் 8ஆம் தேதி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் கடைசி. சின்ன வயதிலேயே தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். பதின்வயதில் கிங்ஸ்டனுக்கு வந்து, ட்ரெஞ்ச்டவுனில் ஒரு சலூனில் வேலைக்குச் சேர்ந்தார். முடி வெட்டிக்கொண்டே பாடுவாராம். அங்கே கிடைத்த கூட்டாளிகள்தான் ராலி கார்டனும் ஜெர்ரி மத்தையாஸும். மூன்று பேரும் சேர்ந்து 'மேய்டல்ஸ்' ஆனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஸ்டூடியோ ஒன் என்ற பதிவுக்கூடத்தில் தயாரிப்பாளர் காக்ஸன் டாட்டிடம் பாட ஆரம்பித்தார்கள். அன்றைய ஜமைக்காவில் மார்லியின் வெய்லர்ஸ் குழுவைவிட இவர்கள் ஒரு படி மேலேதான் இருந்தார்கள்.

கேள்வி: ரெகே என்ற சொல்லையே இவர்தான் உண்டாக்கினார் என்கிறார்களே, உண்மையா?

பதில்: பாட்டுத் தலைப்பில் முதலில் வைத்தவர் இவர். 1968இல் வந்த 'டூ தி ரெகே'. அதற்கு முன்பே கிங்ஸ்டன் தெருக்களில் 'ஸ்ட்ரெகே' என்றொரு சொல் புழங்கியது. ஒழுங்காக உடுத்தாத பெண்ணைக் குறிக்கும் கொச்சைச் சொல். ஒருநாள் விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தபோது அதிலிருந்துதான் வந்தது என்று டூட்ஸே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் அந்த இசைக்கு அந்தப் பெயர் நிலைத்தது இந்தப் பாட்டால்தான். தாளத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அது கிங்ஸ்டன் ஸ்டூடியோக்களில் பல கைகள் சேர்ந்து செய்த வேலை.

கேள்வி: நான் மிருதங்கம் கற்கிறேன். ஸ்கா, ராக்ஸ்டெடி, ரெகே மூன்றும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கின்றன. எப்படிப் பிரிப்பது?

பதில்: நல்ல கேள்வி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு கேளுங்கள். மூன்றிலும் கிடார் வலுவான அடியை விட்டுவிட்டு இடையில்தான் வெட்டும். அதனால்தான் ஒன்றுபோலத் தோன்றுகிறது. ஸ்கா வேகமானது, ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் முன்னால் நிற்கும். 1966 வாக்கில் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி வந்தது. ஊதுகருவிகள் பின்னால் போய், பேஸ் கிடார் மெட்டையே சுமக்க ஆரம்பித்தது. 1968இல் ஆர்கன் கொதிக்கிற தண்ணீர்போலக் குமிழியிட்டபடி உள்ளே வந்தது, கிடார் வெட்டு இன்னும் கூர்மையானது. அதுதான் ரெகே.

அப்புறம் 'ஒன் டிராப்' என்று ஒன்று உண்டு. முதல் அடியில் டிரம்மர் கைவைக்கவே மாட்டார். மூன்றாவது அடியில்தான் கனமாக இறங்குவார். எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) தள்ளி வருகிற பாட்டுக்குப் பழகிய காது உங்களுடையது. பத்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். மேய்டல்ஸ் பாட்டுகளில் ஜாக்கி ஜாக்சனின் பேஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து பாருங்கள். எனக்கு வழி திறந்தது அப்படித்தான்.

கேள்வி: சிறையில் இருந்தாராமே?

பதில்: ஆமாம். 1966இல் ஜமைக்காவின் சுதந்திர விழாப் பாட்டுப் போட்டி முதன்முறையாக நடந்தது. மேய்டல்ஸ் 'பாம் பாம்' பாடி ஜெயித்தார்கள். (1982இல் சிஸ்டர் நான்சி பாடி உலகம் சுற்றிய 'பாம் பாம்' இதன் பல்லவியில் முளைத்ததுதான்.) அந்த வருடக் கடைசியிலேயே கஞ்சா வைத்திருந்ததாகச் சொல்லி டூட்ஸைப் பிடித்து உள்ளே போட்டார்கள். தன் வளர்ச்சியைத் தடுக்கச் செய்த சதி என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கஞ்சா என்ற சொல்லே ஜமைக்காவுக்கு நம் பக்கத்திலிருந்து போனது. 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களோடு போய், அங்கே இன்றும் அதே உச்சரிப்பில் நிற்கிறது.

வெளியே வந்ததும் அவர் செய்த பாட்டு '54-46'. கைதி எண்ணைத் தலைப்பாக வைத்த பாட்டு. ஒரு மனிதனின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதைத் துள்ளித் துள்ளிப் பாடுகிறார். எத்தனை முறை கேட்டாலும் அந்தத் துள்ளலில் எனக்குத் தொண்டை அடைக்கும். அவருடைய சந்தோஷம் எதுவும் பட்டுத் தெரியாதவனின் சந்தோஷம் இல்லை.

கேள்வி: 'பிரஷர் டிராப்' என்றால் என்ன பொருள்? ரத்த அழுத்தமா?

பதில்: இல்லை. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பதுதான் சேதி. அப்பாவிக்குக் கெடுதல் செய்தால் அது உன் தலையில் வந்து இறங்கும் என்கிற பாட்டு என்று அவரே விளக்கியிருக்கிறார். புயல் அடிக்கிற தீவில் காற்றழுத்தம் குறைவது எதற்கு அறிகுறி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பயமும் தலைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் 'தி கிளாஷ்' குழு இதை மறுபடி பாடியது. 'மங்கி மேன்' பாட்டை 'தி ஸ்பெஷல்ஸ்' பாடியது.

கேள்வி: இவ்வளவு திறமை இருந்தும் ஏன் மார்லி அளவுக்குப் பேர் வரவில்லை?

பதில்: ஒரே காரணம் கிடையாது. '54-46', 'பிரஷர் டிராப்', 'மங்கி மேன்' எல்லாவற்றையும் தயாரித்தவர் லெஸ்லி காங். கிங்ஸ்டனில் ஐஸ்கிரீம் கடையோடு சேர்த்து ரெக்கார்ட் கடை வைத்திருந்த சீன வம்சாவளிக்காரர். மார்லியின் முதல் பாட்டைப் பதிவு செய்தவரும் அவரே. அவர் 1971இல் மாரடைப்பில் திடீரென இறந்தது மேய்டல்ஸுக்குப் பெரிய அடி. பிறகு ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல் இவர்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார். ஆனால் 1975இல் அமெரிக்காவில் 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன்னால் பாட வைத்தபோது ராக் ரசிகர்கள் ஒட்டவில்லை.

இன்னொன்று என் கருத்து. மார்லி பாட்டில் ஒரு தலைவர் பேசுகிறார். டூட்ஸ் பாட்டில் கல்யாண வீடு, வாடகை, கடன், ஜெபம் எல்லாம் வருகிறது. ஊர்க்காரனின் பாட்டு. போஸ்டரில் போட அது தோதாக இல்லை, அவ்வளவுதான். ஜமைக்காவில் யாரையும் கேளுங்கள், இருவரையும் தராசுத் தட்டில் சமமாக வைப்பார்கள்.

கேள்வி: குரலைக் கேட்டால் அமெரிக்க சோல் பாடகர் மாதிரி இருக்கிறதே?

பதில்: ஓட்டிஸ் ரெடிங்கோடு ஒப்பிடாதவர்களே இல்லை. 1988இல் அமெரிக்க சோல் பாட்டுகளையே எடுத்து 'டூட்ஸ் இன் மெம்ஃபிஸ்' என்ற ஆல்பம் செய்தார். ஆனால் வேர் சர்ச்சில் இருக்கிறது. பெற்றோர் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையினர். ஒருவர் அழைக்க, சபை பதில் சொல்கிற முறையில்தான் மேய்டல்ஸின் எல்லாப் பாட்டும் ஓடுகிறது. அழைப்பது டூட்ஸ், பதில் சொல்வது ராலியும் ஜெர்ரியும். அந்த இருவர் இல்லாத பிற்காலப் பதிவுகளில் எனக்கு ஏதோ குறைவதுபோலவே இருக்கும்.

கேள்வி: எங்கே தொடங்கலாம்?

பதில்: 1973இல் வந்த 'ஃபங்கி கிங்ஸ்டன்'. பிறகு 1980 செப்டம்பரில் லண்டன் ஹாமர்ஸ்மித் பாலே அரங்கில் பதிவான 'லைவ்'. பாடி முடித்த 24 மணி நேரத்துக்குள் இசைத்தட்டாகக் கடைக்கு வந்தது அது.

கேள்வி: மேடையில் யாரோ பாட்டிலை எறிந்தார்களாமே?

பதில்: 2013 மே மாதம், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில். கூட்டத்திலிருந்து 19 வயதுப் பையன் எறிந்த வோட்கா பாட்டில் அவர் தலையில் பட்டது. மண்டையில் தையல், மாதக்கணக்கில் தலைவலி, மறதி, கூட்டத்தைக் கண்டாலே பயம். மூன்று வருடம் மேடை ஏறவில்லை. ஆனாலும் நீதிபதிக்குக் கடிதம் எழுதினார்: இவன் சின்னப் பையன், சிறையில் இளைஞர்களுக்கு என்ன நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் அங்கே போனால் என் வேதனைதான் கூடும் என்ற பொருளில். பையனுக்கு ஆறு மாதம் விதித்தார்கள். தன் காயத்தையும் மறைக்காமல் எழுதி, பையனுக்காகவும் கேட்கிற அந்தக் கடிதத்தை '54-46' பாடிய மனிதரால்தான் எழுத முடியும்.

கேள்வி: கடைசிக் காலத்தில் பாடினாரா?

பதில்: 2020 ஆகஸ்டில் 'காட் டு பி டஃப்' என்ற ஆல்பம் வந்தது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 11ஆம் தேதி, கிங்ஸ்டன் மருத்துவமனையில் 77 வயதில் இறந்தார். அடுத்த வருடம் அந்த ஆல்பத்துக்குக் கிராமி கிடைத்தது. 2004இல் வந்த 'ட்ரூ லவ்' ஆல்பத்துக்கு அடுத்து இது அவருக்கு இரண்டாவது.

ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. அதே 2020இல், 1966இல் தான் ஜெயித்த அந்த விழாப் பாட்டுப் போட்டிக்குத் திரும்பவும் பெயர் கொடுத்தார். 1969இலும் 1972இலும் கூட மேய்டல்ஸ் அதை வென்றிருக்கிறார்கள். நடுவராகவோ சிறப்பு விருந்தினராகவோ வரவில்லை, போட்டியாளராகவே நின்றார். ஜூலையில் இறுதிச் சுற்றுவரை போனார். ஜெயித்தது ஜமைக்காவின் இன்னொரு பாடகர் பூஜு பாண்டன்.