15,000 ரூபாய் விளம்பரத்துக்கு எத்தனை பிளவுஸ் தைக்க வேண்டும்?

கேள்வி: நாமக்கல்லில் மூன்று வருடமாகச் சின்னதாக லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், உதவிக்கு ஒரு பெண். மாதம் சுமார் 38,000 ரூபாய் வரவு. வாடகை 4,500, அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் 8,000, கரண்ட் 900, லைனிங் துணி, நூல், கொக்கி வகையில் 8,500 போய்விடும். லைனிங் பிளவுஸுக்கு 350 வாங்குகிறேன். ஆடியிலும் மார்கழியிலும் கடை காற்று வாங்குகிறது. இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்து தருகிறேன், மாதம் 15,000, மூன்று மாத ஒப்பந்தம் என்று ஒருவர் வந்தார். சேமிப்பு 25,000 இருக்கிறது. மீதிக்கு வளையலை அடகு வைக்கலாம் என்கிறார் கணவர். செய்யலாமா சார்?

பதில்: வளையல் கையிலேயே இருக்கட்டும். செலவெல்லாம் போக மாதம் 16,100 ரூபாய்தான் உங்களுக்கு நிற்கிறது. அதில் 15,000 விளம்பரத்துக்கு என்றால் மூன்று மாதம் சும்மா தைத்துக் கொடுப்பதாக அர்த்தம்.

அவர் ஜிஎஸ்டி பில் போடுகிறவராக இருந்தால் 18 சதவீதம் சேர்ந்து 17,700 ஆகிவிடும். ஒரு லைனிங் பிளவுஸில் துணி, நூல், கொக்கிக்கு 80 போனால் உங்களுக்கு மிஞ்சுவது 270. அப்படியென்றால் போட்ட காசை எடுக்கவே மாதம் 66 பிளவுஸ் கூடுதலாக வர வேண்டும். லாபம் அதற்கு அப்புறம்தான். இப்போது எத்தனை தைக்கிறீர்கள்? வரவை 350 ஆல் வகுத்தால் 108 வருகிறது (ஃபால்ஸ், ஆல்டர் எல்லாம் அதில் கலந்திருக்கும், கணக்குக்கு வைத்துக்கொள்வோம்). நாளைக்கு 5 வீதம் 25 நாள் தைத்தாலும் 125 தாண்டாது. அதாவது இன்னும் 17 பிளவுஸுக்குத்தான் உங்கள் கடையில் கை இருக்கிறது. மீதி 49 பேர் துணியைக் கொடுத்துவிட்டுத் தேதிக்கு வந்து வெறுங்கையோடு திரும்புவார்கள், திரும்பியவர்கள் சும்மாவும் இருக்க மாட்டார்கள். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி 11 மணிக்கு மனைவியின் பிளவுஸுக்காக ஒரு டெய்லர் கடை வாசலில் நின்றவன் நான், 'கொக்கி மட்டும்தான் சார் பாக்கி' என்றார்கள், அதற்கப்புறம் எங்கள் குடும்பத்திலிருந்து ஒரு துணிகூட அந்தக் கடைக்குப் போகவில்லை.

இன்னொன்றும் கேட்டீர்களா? அந்த 15,000 போஸ்ட் தயாரித்துப் போடும் கூலி மட்டுமா, இன்ஸ்டாகிராமுக்குக் கட்டும் விளம்பரக் காசும் அதில் அடக்கமா? பல இடத்தில் அது தனி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிய வரும்.

உங்களுக்கு வருஷம் முழுக்க ஆள் வராத பிரச்சினை இல்லை. ஆடி, மார்கழி இரண்டு மாதம்தான் காலி. ஐப்பசியில் நீங்களே 'ஆர்டர் எடுப்பதில்லை' என்று போர்டு மாட்டுகிற நிலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த மாதத்தில் விளம்பரம் எதற்கு? கூலியை 20 ரூபாய் ஏற்றுங்கள். 108 பிளவுஸுக்கு மாதம் 2,160 ரூபாய், பத்து பைசா செலவில்லாமல்.

சரி, காலி மாதத்துக்கு என்ன செய்வது? முதலில் அளவு நோட்டை எடுங்கள். மூன்று வருஷத்து நோட்டு இருக்குமே, அதில் பெயர், அளவு, போன் நம்பர் எல்லாம் இருக்கும். ஒரு வருஷமாக வராதவர்கள் யார் யார் என்று பென்சிலால் குறித்து, ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், போன்தான். ஏன் வரவில்லை என்று நாலு பேர் உண்மையைச் சொன்னாலே போதும், அந்த விவரத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

வாட்ஸ்அப் பிசினஸ் இலவசம். பின்கழுத்து டிசைன் படங்களையெல்லாம் அதில் கேட்லாக் போட்டு வைக்கலாம், ஒரே மெசேஜைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிளவுஸ் ரெடி என்று படத்தோடு அனுப்பும்போதே நம்பரைச் சேவ் பண்ணச் சொல்லிவிடுங்கள். கூகுள் மேப்பில் கடையைப் பதிவதும் இலவசம்தான், பழைய வாடிக்கையாளர்களிடம் இரண்டு வரி எழுதச் சொன்னால் எழுதுவார்கள். 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டுங்கள்' என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த விளம்பரம் ஒன்று உண்டு. கொக்கிப் பட்டியின் உள்பக்கம் கடைப் பெயரும் நம்பரும் நெய்த சின்ன லேபிள் ஒன்றை வைத்துத் தைத்துவிடுவது. கல்யாண வீட்டில் 'எங்கே தைச்சே அக்கா?' என்று கேள்வி வரும்போது பெயர் ஞாபகம் வராமல் 'பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

பக்கத்துப் புடவைக் கடை, பியூட்டி பார்லரில் பேசி வையுங்கள். அவர்கள் அனுப்பி ஒரு புது ஆள் வந்தால் முதல் பிளவுஸுக்கு 30 ரூபாய், வராவிட்டால் ஒன்றுமில்லை. 270 உங்கள் கைக்கு வந்த பிறகு 30 போகிறது. சின்னக் கடைக்கு ஏற்ற விளம்பரச் செலவு இந்த வகைதான்.

இன்ஸ்டாகிராமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆடி மூன்றாவது வாரம், ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை எடுத்து வைத்திருப்பார்கள் பாருங்கள், அப்போது நீங்களே போனில் பத்து நாளைக்கு, நாளுக்கு 200 ரூபாய் வீதம், உங்கள் ஊரைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டியோடு 2,360 ரூபாய். ஒன்பது பிளவுஸ் வந்தால் காசு திரும்பிவிடும். அந்தப் பத்து நாளும் வருகிற ஒவ்வொரு புது ஆளிடமும் 'எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?' என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் எது பலித்தது என்றே தெரியாது. ஆடித் தள்ளுபடி என்று 50 ரூபாய் குறைக்காதீர்கள், மிஞ்சுகிற 270இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது. மூன்று பிளவுஸ் கொடுத்தால் ஒரு புடவைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் வைத்துத் தரும் கூலி இலவசம் என்று சொல்லுங்கள், எப்படியும் கை சும்மா இருக்கும் மாதம்.

அந்த 25,000ஐத் தொடாதீர்கள். வாடகை, சம்பளம், கரண்ட் மூன்றும் சேர்ந்து மாதம் 13,400, இரண்டு மாதம் படுத்துவிட்டால் அந்தச் சேமிப்பு போதாது. கடன்தான் வாங்க வேண்டும் என்றால் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் மாதிரி ஏதாவதுக்கு வாங்குங்கள், கஷ்டம் வந்தால் அதை விற்கவாவது முடியும். சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற பிரிவில் அடமானம் இல்லாமல் 50,000 வரை வங்கியில் கேட்கலாம், அதற்கு முன் உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவைச் செய்து வைத்துக்கொள்வது நல்லது. உத்யமுக்குக் கட்டணமே கிடையாது, காசு கேட்கிறவர் இடைத்தரகர்.

விளம்பரம் செய்து தருகிறேன் என்று வந்தவரிடமும் அதே 30 ரூபாய்க் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், முன்பணம் கிடையாது, ஆள் வந்தால் காசு என்று. ஒப்புக்கொண்டால் எனக்கும் அவர் நம்பரை அனுப்புங்கள், இன்னும் நாலு பேருக்குத் தேவைப்படும்.