இரண்டு பக்கமும் இருக்கிற எக்ஸை அடிக்கலாமா?
(கணக்கு வாத்தியார் பதில்கள்)

கேள்வி: சார், என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பரீட்சையில் 'எக்ஸ்² = 5எக்ஸ், தீர்க்க' என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் எக்ஸை அடித்துவிட்டு எக்ஸ் = 5 என்று எழுதினாள். பாதி மார்க்தான் போட்டிருக்கிறார்கள். 5-ஐப் போட்டுப் பார்த்தால் சரியாகத்தானே வருகிறது? 2எக்ஸ் = 10 என்றால் 2-ஐ அடிக்கலாம், எக்ஸை மட்டும் அடிக்கக் கூடாதா?
- ஒரு தாய், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா, மார்க் குறைத்தவர் பக்கம்தான் நான். 5 சரியான விடைதான். எக்ஸுக்கு 0 போட்டும் பாருங்கள். இந்தப் பக்கமும் 0, அந்தப் பக்கமும் 0. அப்போது அதுவும் விடை. மகள் எக்ஸை அடித்தபோது அந்த விடையும் சேர்ந்து அடிபட்டுப் போச்சு.

2 என்றைக்கும் 2-தான், அதனால் பயமில்லாமல் வகுக்கலாம். எக்ஸ் என்னவென்று இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே கணக்கு? அது 0-ஆக இருந்துவிட்டால் நாம் 0-ஆல் வகுத்தவர்கள் ஆகிவிடுவோம். 0 ஆகவே ஆகாது என்று உறுதியாகத் தெரிந்தால் வகுக்கலாம். தெரியவில்லையா, எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து பொதுவாக இருப்பதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள்: எக்ஸ்(எக்ஸ் − 5) = 0. இரண்டைப் பெருக்கி 0 வருகிறதென்றால் அதில் ஒன்றாவது 0. விடை 0, 5. இருபடிச் சமன்பாட்டுக்கு ஒரே ஒரு மூலம் கிடைத்தால் பிள்ளைக்கு உடனே சந்தேகம் வர வேண்டும். (இரண்டு மூலமும் ஒன்றாகவே இருக்கிற கணக்கும் உண்டு, அது வேறு கதை.)

எக்ஸ் தனியாக நிற்கும்போது உஷாராக இருக்கிற பிள்ளைகள்கூட அடைப்புக்குறியில் ஏமாறுவார்கள். (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2) = 7(எக்ஸ் − 3) என்பதில் எக்ஸ் − 3-ஐ அடித்தால் 5 கிடைக்கும், 3 காணாமல் போகும். அதுவே எக்ஸ்² + 1 இரண்டு பக்கமும் இருந்தால் தாராளமாக அடிக்கலாம். மெய்யெண் எதைப் போட்டாலும் அது 1-க்குக் கீழே இறங்காது.

வார்த்தைக் கணக்கென்றால் பாதி வேலையை அந்தக் கதையே செய்துவிடும். மனையின் நீளம் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு. சதுர அடியில் பரப்பளவு, அடியில் அகலத்தைப் போல் 60 மடங்கு. 2எக்ஸ்² = 60எக்ஸ். இங்கே வகுக்கலாம், அகலம் 30 அடி. 0 அடி அகலத்தில் யாரும் மனை பதிவு செய்ய மாட்டார்கள். (நம்ம பக்கத்துச் சந்து வீடுகளைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகம் வரும்தான்.)

வியாசர்பாடிப் பையன்கள் ட்யூஷனுக்கு வந்தால் பந்துக் கணக்குதான் போடுவேன். தரையில் இருக்கும் பந்தை நேர் மேலே உதைக்கிறோம். டி விநாடி கழித்து அதன் உயரம் 20டி − 5டி² மீட்டர். பந்து எப்போதெல்லாம் தரையில் இருக்கும்? 20டி = 5டி² என்று எழுதி டி-யை அடிப்பவனுக்கு 4 விநாடி கிடைக்கும். அடிபட்டுப் போன 0, பந்தை உதைத்த கணம். 'எப்போது கீழே விழும்' என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கணம் நமக்கு வேண்டாம், 'டி 0 அல்ல' என்று ஒரு வரி எழுதிவிட்டு வகுக்கலாம். அந்த ஒரு வரி இருந்தால் முழு மார்க் போடுவேன்.

கேள்வி: ஏ = பி என்று தொடங்கி, ஏ² = ஏபி, ஏ² − பி² = ஏபி − பி², (ஏ + பி)(ஏ − பி) = பி(ஏ − பி), ஆகவே 2பி = பி, ஆகவே 2 = 1 என்று மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். எங்கே உதைக்கிறது?
- எர்ணாவூர் வாசகர்

பதில்: ஏ-யும் பி-யும் சமம் என்று மச்சான் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். அப்படியானால் ஏ − பி என்பது 0. அதை அடித்த இடத்தில்தான் உதைக்கிறது. அதுவரைக்கும் எல்லா வரியும் சரி, அதில் கடைசி இரண்டும் வெறும் 0 = 0. எதை 0-ஆல் பெருக்கினாலும் 0 வருவதால், எதைப் பெருக்கினோம் என்று பின்னால் திரும்பிப்போய்க் கண்டுபிடிக்க முடியாது. 628-ல் பிராம்மஸ்புட சித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர் 0-ஐக் கூட்ட, கழிக்க, பெருக்கச் சரியாகவே விதி சொன்னார். 0-ஐ 0-ஆல் வகுத்தால் 0 என்றும் எழுதிவைத்தார். அதை இன்று யாரும் ஏற்பதில்லை. அவரே சறுக்கிய இடம், மச்சானை மன்னித்துவிடலாம்.

கேள்வி: ராமானுஜன் குமாஸ்தாவாக இருந்த துறைமுகத்தில்தான் எனக்கும் வேலை, ஆனால் கணக்கு மட்டும் ஒட்டவில்லை. எக்ஸ்² > 5எக்ஸ். எக்ஸ் 0 இல்லை என்று கொடுத்துவிட்டால் அடிக்கலாம்தானே?
- போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், ராயபுரம்

பதில்: 1912-ல் அவர் அங்கே சேர்ந்தபோது மாதச் சம்பளம் 30 ரூபாய்; உங்களுக்குக் கொஞ்சம் கூடவே கொடுப்பார்கள் என்று நினைக்கிறேன். அசமன்பாட்டில் 0 இல்லை என்பது மட்டும் போதாது, கூட்டலா கழித்தலா என்ற குறியும் தெரிய வேண்டும். குறை எண்ணால் வகுத்தால் > என்பது < ஆகத் திரும்பிவிடும். அடித்தால் எக்ஸ் > 5 மட்டும்தான் கிடைக்கும். எக்ஸ்(எக்ஸ் − 5) > 0 என்று எழுதினால் இரண்டும் கூட்டலாகவோ இரண்டும் கழித்தலாகவோ இருக்க வேண்டும்: எக்ஸ் > 5 அல்லது எக்ஸ் < 0. பரீட்சை ஹாலில் நேரம் இல்லையென்றால் −1-ஐப் போட்டுப் பாருங்கள். 1 > −5 சரியாக வருகிறதே. அப்போது 'எக்ஸ் > 5 மட்டும்' என்கிற ஆப்ஷனை அங்கேயே கழித்துவிடலாம்.