கூட்டத்தை அனுப்பிவிட்டு…

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் வசிக்கிறேன். ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. கணவருக்கு உருக்காலையில் ஷிப்ட். மாமியார், 2 பிள்ளைகளோடு இரண்டே அறை கொண்ட வீடு. படுக்க இரவு பதினொன்றரை ஆகிவிடுகிறது. அதிகாலை 4 மணிக்கு ஜெபிக்க எழுந்தால் முழங்காலிலேயே தூங்கிவிடுகிறேன். ஏற்காட்டில் நடக்கும் 3 நாள் தியானக் கூடுகைக்குச் சபையில் அழைக்கிறார்கள். வீட்டை விட்டுப் போக வழியில்லை. நான் விசுவாசத்தில் பின்வாங்கி, பின்மாற்றத்தில் இருக்கிறேனா? - ஒரு வாசகி

பதில்: பின்மாற்றம் எதுவும் இல்லை, சகோதரி. உங்களுக்குத் தூக்கம் போதவில்லை. சூரைச்செடியின் கீழ் மனம் நொந்து படுத்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், தூதன் கடிந்துகொள்ளவில்லை.

இயேசு இருட்டோடே எழுந்து தனித்து ஜெபித்தார் என்ற மாற்கு சுவிசேஷம் 1:35-ஐத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். முந்தின மாலை ஊர் முழுவதும் வாசலில் கூடி நின்றதையும், அந்த ஜெபத்தின் நடுவிலேயே சீஷனான சீமோன் தேடி வந்து 'எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்' என்றதையும் சேர்த்து வாசியுங்கள். அதே சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரம் இன்னும் உங்கள் வீட்டுக்குக் கிட்டே வருகிறது. சாப்பிடவும் நேரமில்லாத சீஷர்களை இளைப்பாறும்படி இயேசு படகில் அழைத்துப் போகிறார். ஜனங்களோ கால்நடையாய் ஓடி, அவர்களுக்கு முன்பே கரையில் நிற்கிறார்கள். சீஷர்களுக்குக் கிடைத்த தனிமை அந்தப் படகுப் பயணம் மட்டுமே. ஐயாயிரம் பேருக்கு உணவளித்து முடிந்த பின்புதான் இயேசு சீஷர்களை வலியப் படகேற்றி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, தனியே மலையேறுகிறார். தனிமை தானாக வரும் என்று அவரே காத்திருக்கவில்லை. ஆட்களை அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

நீங்கள் யாரையும் அனுப்பாமல், எல்லாரும் தூங்கிய பிறகு மிஞ்சும் நேரத்தில் ஜெபிக்கப் பார்க்கிறீர்கள். உங்கள் கணவரிடம் நேராகக் கேளுங்கள். அவருடைய வார விடுமுறை நாளில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளும் அடுப்பும் அவர் பொறுப்பு. இட்லி கொஞ்சம் கல்லாக வந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மாமியார் முதலில் முகம் சுளிக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். மனைவி ஜெபிக்க நேரமில்லாமல் தவிப்பது அவளுடைய ஆவிக்குரிய குறை என்று நம் சபைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பாதிக்கு மேல் அது வீட்டு வேலையைப் பங்கிடாத குறை.

வீட்டில் இடமில்லை என்றால் ஆலயத்துக்குப் போங்கள். ஆயரிடம் கேட்டால் வார நாளிலும் கதவைத் திறந்து வைக்கச் சொல்வார். ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டுச் சும்மா உட்காருங்கள். பால் கணக்கும் பள்ளிக் கட்டணமும் நினைவுக்கு வந்தால் துண்டுத்தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவை விடாது. மற்ற நாட்களில் கடைக்குப் போகிற டவுன் பஸ் போதும். போன் பையிலேயே இருக்கட்டும். யார் 'ஆமென்' அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை என்று பார்க்கிற வாட்ஸ்அப் ஜெபக் குழுவை நான் தனிமைக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

ஏற்காட்டுக் கூடுகையைக் குறை சொல்லவில்லை. ஆனால் காலை முதல் இரவு வரை மைக் ஓடுகிற இடத்தில் பிரசங்கம் கிடைக்கும், பாடல் கிடைக்கும்; நீங்கள் கேட்கிற அமைதி கிடைக்காது. சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், அவ்வளவுதான் தூரம். கணவருக்குப் பகலில் வீட்டில் இருக்க முடிகிற ஒரு வார நாளில் விடுப்பு எடுத்து, காலை பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே ஏதாவது ஒரு மரத்தடியில் தூங்கிவிட்டாலும் குற்றமில்லை. மே மாதத்தில் மட்டும் போகாதீர்கள். கோடை விழாக் கூட்டத்தில் உட்கார ஒரு கல்கூடக் கிடைக்காது.