இலக்கணம் சரியாக இருந்தால் பொருளும் வந்துவிடுமா? தர்க்கத்துக்கு அங்கே என்ன வேலை?

வந்துவிடாது. 'நெருப்பால் செடியை நனைத்தான்': வேற்றுமை உருபு, வினைமுற்று எல்லாம் சரி, பொருள்தான் பொருந்தவில்லை. இந்தப் பொருத்தத்துக்கு, தர்க்கத்தை ஆராய்ந்த பழைய இந்தியத் தத்துவப் பள்ளியான நியாய மரபினர் 'யோக்யதை' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

தர்க்கத்தின் வேலை வேறு. தீபாவளிக்கு மறுநாள் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நின்றுகொண்டு அக்காவிடம் போனில் சொன்னேன்: "எல்லாக் கடையும் திறக்கலக்கா." சில கடைதான் திறந்திருக்கிறது என்பது நான் சொல்ல வந்தது. ஒரு கடையும் இல்லை என்று எடுத்துக்கொண்ட அக்கா, எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறாமலே திரும்பிவிட்டார். (இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.)

சொற்கள் அவையே, இலக்கணமும் அதுவே. 'எல்லாக் கடையும் திறந்திருக்கிறது' என்பதை எதிர்மறை மறுக்கிறதா (நான் சொன்னது), அல்லது ஒவ்வொரு கடையாக எடுத்து மறுக்கிறதா (அக்கா எடுத்துக்கொண்டது) என்பதில்தான் இரண்டு பொருள் பிறக்கிறது. 1879-இல் ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரெகே கொண்டுவந்த குறியீட்டுத் தர்க்கத்தில் இவை இருவேறு வாய்பாடுகள். அங்கே இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. வாக்கியத்தின் இலக்கண வடிவமும் தர்க்க வடிவமும் ஒன்றல்ல என்று மெய்யியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் இரண்டில் நான் நினைத்தது எது என்று எந்த வாய்பாடும் சொல்லாது. அதைச் சூழல்தான் காட்டும். போனில் அக்காவுக்குத் தெரு தெரியவில்லையே!