கடுக்காய் மை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் தினமும் வரைந்து போடும் படங்களைத் தவறாமல் பார்க்கிறேன். திருத்தணி ரயில், டீக்கடை பாய்லர், தறிக்குக் கீழே தூங்கும் பூனை என்று எதையாவது பிடித்துவிடுகிறீர்கள். நானும் வரைவேன். மூன்று மாதம் காசு சேர்த்து வெளிநாட்டு பிரஷ் பேனாவும் 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் நோட்டும் வாங்கினேன். இதுவரை நான்கு பக்கம்தான் வரைந்திருக்கிறேன். நகரியில் வரைய என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. உங்களுக்கு மட்டும் விஷயம் எங்கிருந்து கிடைக்கிறது? என்ன மை பயன்படுத்துகிறீர்கள்?

ச., நகரி

அன்புள்ள ச.,

அந்த நோட்டுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஒரு தாள் என்ன விலை என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் கை எப்படி ஓடும்? கொஞ்ச நாள் அதை பீரோவில் வையுங்கள். ரயிலில் நான் வரைவதெல்லாம் மளிகைக்கடை பில்லின் பின்பக்கத்தில், பால்பாயிண்ட் பேனாவில்தான். அதை யாரும் மதிப்பதில்லை. அழுத்தாமல் தடவினால் பென்சில் போலச் சாம்பலாக வரும், அழுத்தினால் கறுக்கும். மேலே தண்ணீர் வண்ணம் பூசினாலும் அநேகமாகக் கலங்காது. வெயில் பட்டால் வெளுக்கும், அது ஒன்றுதான் குறை. அரக்கோணத்தில் கூட்டம் ஏறிவிட்டால் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஒரு முகமும் தெரியாது, கம்பியைப் பிடித்திருக்கும் கைகள்தான் தெரியும். பில்லில் இடமும் அவ்வளவுதான். அப்படியே ஒரு வருஷம் கைகளாக வரைந்து தள்ளினேன். யோசித்து எடுத்த விஷயம் இல்லை.

நகரியில் என்ன இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? கடலில் வந்த கப்பல்காரர்கள் அடையாளம் பார்த்த மலை உங்கள் ஊர் மலை. ஆங்கிலேயர்கள் ‘நகரி மூக்கு’ என்றே பெயர் வைத்தார்கள். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நகரி ஆந்திராப் பக்கமே நின்றுவிட்டது. அந்த மலையை முப்பது தடவையாவது வரைந்திருப்பேன். ஒரு தடவைகூட மூக்கு மாதிரி வரவில்லை, அது வேறு கதை.

சரி, மைக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் துணியில் கையால் வரையும் கலம்காரி ஓவியம் பார்க்கக் காளஹஸ்திக்குப் போனேன். அங்கே மூங்கில் குச்சி முனையில் கம்பளி நூலைச் சுற்றி, மையில் நனைத்து, நூலை விரலால் அழுத்தி அழுத்தி மை இறக்கி வரைகிறார்கள். மை என்பது துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீர், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து நானும் ஊறப்போட்டேன். பழைய வேட்டித் துண்டைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து ஒரு மயில் வரைந்தேன். கோடு நாலா பக்கமும் ஊறி, மயில் கம்பளிப்பூச்சி ஆகிவிட்டது. அடுத்த தடவை போனபோது துணியை அங்கிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பால் ஊத்தலையா?” என்றார், தமிழிலேயே. கடுக்காயோடு எருமைப்பாலும் கலக்க வேண்டுமாம். பாலின் கொழுப்புதான் மையைப் பரவவிடாமல் நிறுத்துகிறது.

துணி எனக்குச் சரிப்படவில்லை, தாளுக்கு மாறினேன். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி, கொட்டையை நீக்கி, தோலைத் தட்டி ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். வடிகட்டிய தண்ணீரைக் கெட்டியான தாளில் பூசிக் காயவிட்டு, இரும்புத் தண்ணீரைத் தொட்டு ஒரு கோடு இழுங்கள். தூரிகையில் வெளிறிய பழுப்பாக இருந்தது, தாளில் பட்டதும் கண் முன்னாலேயே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை. ஐரோப்பாவில் பல நூறு வருஷம் எழுதிய இரும்பு மையும் இதே சங்கதிதான், அங்கே கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சியால் உண்டாகும் முண்டு. அந்த மை வருஷக்கணக்கில் தாளை அரித்துவிடும். என் பழைய நோட்டிலும் சில கோடுகள் பின்பக்கத்தில் பழுப்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டன. அதனால் விற்கவோ பரிசு கொடுக்கவோ வரைவதற்கு இது வேண்டாம். ஃபவுண்டன் பேனாவிலும் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். எனக்கு ஒரு நல்ல பேனா போனது.

நீங்கள் கேட்ட ‘விஷயம்’ இங்கேதான் வருகிறது. கடுக்காய் பூசிய தாள் மஞ்சளாகிவிடும், வெள்ளையே கிடையாது. அதில் எதை வரைந்தாலும் சாயங்காலமாகத்தான் தெரிகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் தாள் சொல்கிறபடி நானும் சாயங்காலங்களில் வெளியே போக ஆரம்பித்தேன். பாவு சுற்றி முடித்து வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் பெண்கள், விளக்கு போடாத பஸ், ஆடிக் கிருத்திகை முடிந்து வெறும் காவடியைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்குகிறவர்கள். பத்து வருஷமாக அதே தெருவில்தான் இருக்கிறேன், பகலில் இதையெல்லாம் பார்த்ததே இல்லை.

புளியங்குச்சிக் கரியும் செய்து பாருங்கள். பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, அடுப்பில் வைத்தால் போதும். பிடிக்காத கோட்டைத் துணியால் தட்டிவிடலாம். முதல் மாதத்துக்கு அதுதான் நல்லது.

ஒன்று மட்டும், இரும்புத் தண்ணீர் பாட்டிலின் மூடியை இறுக்காதீர்கள். புளிக்கும்போது வாயு சேரும். என்னுடையது ஒரு மத்தியானம் சமையலறை அலமாரியிலேயே வெடித்தது. பக்கத்தில் இருந்தது புளி ஜாடி. வீட்டில் இன்றைக்கும் பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்